துளுக்கினால் சம்மதம்

ஆனி 16, ஞாயிறு

காலை மாத்திரை இரண்டில் ஒன்றைத் துப்பினார். கஞ்சி அரை டம்ளர். வெளிக்குப் போகவில்லை.

இவ்வளவுதான் எழுதச் சொன்னாள் நர்ஸம்மா. மருந்துக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்றை நீட்டி, தினமும் குறித்து வையுங்கள், வரும்போது பார்ப்பேன் என்றாள். "நாலாங்கிளாஸ் படிச்சவ கையில டைரியக் குடுக்குறியே தாயி, நாளைக்கு நான் கலெக்டராயிட்டா மொத வேலையா உன்னயத்தான் வேற ஊருக்குத் தூக்கியடிப்பேன்" என்றேன். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது. எப்படியும் முதல் இரண்டு வரிக்குக் கீழே அவள் கண் இறங்கப் போவதில்லை. மிச்சப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது.

என் பெயர் ஒச்சம்மா. வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லக் கூடாது. ரேஷன் கார்டில் தவசி என்று போட்டிருக்கிறது, வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம். சந்தைக்குள் கறிக்கடை வைத்திருக்கிறார். வைகாசியில் ஒருநாள் ஆட்டுத்தோலை உரித்துக்கொண்டிருந்தவர் அந்த ஆட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கழுத்து திரும்புகிறது, இடது கை தூக்குகிறது, காது நன்றாகக் கேட்கிறது. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதனால் பார்க்க நான்தான்.

கடையில் இப்போது கொழுந்தன் காசிமாயன் ஆடு அறுக்கிறான். நான் தராசில் நிற்கிறேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் கொல்லைப்புறத்தில் குடல் கழுவியவள் நான். நான் கடைப்பக்கம் வந்து நாலு பேரோடு சிரித்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. இந்த ஒரு மாசமாகத்தான் கடையில் நிற்கிறேன். அடேயப்பா, என்ன ருசி! கறியைச் சொல்லவில்லை, பேச்சைச் சொல்கிறேன். இன்று ஒரு வாத்தியார் எலும்பே இல்லாமல் கறி கேட்டார். "எலும்பில்லாத ஆடு நடந்து வராது சார், தூக்கிட்டுத்தான் வரணும், நீங்க ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்றேன். வரிசையே சிரித்தது. பக்கத்தில் தலைக்கறி, குடல் விற்கிற செல்லக்கிளி, "ஏ ஒச்சு, ஒங்கடையில கறியவிட வாயிதான்டி ஓடுது" என்றாள்.

புதுசாக வந்த ஒரு அம்மா என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தது. மேல் விளிம்பு கொஞ்சம் இருக்காது. "காதுக்கு என்னம்மா ஆச்சு?" என்றது.

"ஒரு ஆடு தின்னுருச்சும்மா. அந்தக் கோவத்துலதான் இத்தன ஆட்டையும் வித்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

ஆனி 17, திங்கள்

இரண்டு மாத்திரையையும் துப்பினார். கஞ்சியை இடது கையால் தட்டிவிட்டார்.

சங்கத் தலைவர் பெத்தணசாமி அண்ணன் கடைக்கு வந்தார். எங்கள் சந்தைக் கறிக்கடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஆடி நாலாம் வெள்ளி சந்தைக் கருப்பு கோயிலில் கடைக்கு ஒரு ஆடு விழ வேண்டும். ஊரில் என்றால் பூசாரி அரிவாளால் வெட்டுவார். இங்கே அப்படியில்லை. அந்தந்தக் கடைக்கத்தியால் கடைக்காரரே அறுக்க வேண்டும். கருப்பு முன்னால் யார் கத்தி பிடிக்கிறார்களோ கடை அவர்களுடையது. பணக்காரன் எவனும் கடையை வாங்கி ஆள் வைத்து நடத்திவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடாம்.

"இந்த வருசம் எங்க கடைக்கு நான் அறுக்குறேண்ணே" என்றான் காசிமாயன். "மதினி வீட்டுல இருந்து அண்ணனப் பாத்துக்கிரட்டும். கழுவுறதுக்குக் குடல நான் அனுப்பிச்சு வைக்கிறேன்."

குடல் அனுப்புகிறானாம், மகராசன்.

"நான் அறுக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி வந்ததோ தெரியவில்லை, வாய் சொல்லிவிட்டது.

கடை கடையாகச் சிரிப்பு. அண்ணன்கூட சிரித்துவிட்டார். "தாயி, தவசி சூரியத் தீட்டுனாலே நீ பின்கட்டுக்கு ஓடிருவியே. ஊருக்கே தெரியுமே" என்றார்.

அது பொய்யில்லை. கோழி அறுப்பேன். கட்டையில் போட்டுக் கறி கொத்துவேன். ரத்தம் எனக்கு மஞ்சத்தண்ணி மாதிரி. அந்த ஒரு கத்திதான். ஆட்டுக் கழுத்துக்கு என்று அவர் வைத்திருக்கிற சூரி. அதைக் கல்லில் தீட்டுகிற சத்தம் கேட்டால் என் காது அரிக்கும். இருக்கிற காது இல்லை, இல்லாத துண்டு. இல்லாதது எப்படி அரிக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனாலும் எனக்குக் கடை வேண்டும். 'ஒச்சம்மா கறிக்கடை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு வேண்டும். வேறு எதையும் நான் இந்தப் பிறப்பில் கேட்டதில்லை. அரை நூற்றாண்டு ஆகப் போகிறது, இனிமேல் கேட்காமல் எப்போது கேட்பது?

ஆனி 20, வியாழன்

மாத்திரை ஒன்று உள்ளே. வெளிக்குப் போனார். துணி மாற்றினேன்.

சூரி அவர் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. காசிமாயன் வேறு கத்திதான் வைத்திருக்கிறான். கருப்புக்குக் கடைக்கத்திதான் ஆகும். இன்று அதை எடுத்துப் பழகலாம் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எட்டினேன். தூங்குகிறார் என்று நினைத்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்துக்கொண்டே பார்த்தார். பாதி வாய் சிரித்தது.

வெகுநேரம் அப்படியே நின்றேன். பிறகு அவராகவே விட்டார். பாவாடையை மாற்ற வேண்டியதாகிவிட்டது. தண்ணீர்க் குடம் சரிந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

கையில் வலு நன்றாக இருக்கிறது என்று நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டும். நல்ல செய்தி.

ஆனி 23, ஞாயிறு

மாத்திரை: காசிமாயன் பெண்டாட்டி கொடுத்தாள். விழுங்கினாராம். அவள் கொடுத்தால் விழுங்குவார்.

அவர் கண்ணை மூடியிருந்தபோது சூரியை எடுத்து, துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். விடியற்காலையில் ஆண்டிபட்டிச் சந்தையில் வாங்கிய வெள்ளாடு, கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. செல்லக்கிளி கால்களைப் பிடித்தாள். நான் துணியைப் பிரித்தேன்.

அந்த ஆடு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. வேறெதுவும் செய்யவில்லை. என் கையில் கத்தி இல்லை. எங்கே என்று பார்த்தால் கீழே கிடக்கிறது. நான் சுவரோடு சுவராக உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன்.

காசிமாயன் கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் முடித்தான். ரத்தம் தெறித்த முகத்தோடு, "வாங்க வாங்க! எங்க மதினி ஆட்டுக்கு முத்தம் குடுக்குது, வந்து பாருங்க!" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினான்.

நானும் சிரித்தேன். "ஒன் மூஞ்சிக்கு அந்த ஆடு எம்புட்டோ தேவல கொழுந்தனாரே" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். வாய் இருக்கிறவளுக்கு அது ஒன்றுதான் வசதி. உள்ளே என்ன நடந்தாலும் வாய் தன்பாட்டுக்குத் தொழில் பார்க்கும்.

ஆனி 24, திங்கள்

மாத்திரையைத் துப்பினார். ஏன் என்று நான் கேட்கும்போதே தொண்டையில் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பாக இருக்கலாம். காசிமாயன் வந்து நேற்றைய கதையைச் சொல்லியிருப்பான்.

ஆனி 26, புதன்

மாத்திரை ஒன்று. கஞ்சி வேண்டாம் என்று தலையாட்டினார்.

செல்லக்கிளி வெற்றிலையை மடித்துக்கொண்டே புத்தி சொன்னாள். "கோயில்ல ஆட்டுக்குத் தண்ணி ஊத்திட்டு நிப்பாகள்ல? அது ஒடம்பச் சிலுத்து ஒரு உதறு உதறுனா துளுக்கிருச்சுன்னு சொல்லி அப்புறந்தானே வெட்டுறாக. துளுக்குச்சுன்னா அது சம்மதிச்சிருச்சுன்னு அர்த்தம். அதே சரின்னு சொன்னபெறகு நமக்கு எதுக்குடி பாவம்? நீயும் தண்ணி ஊத்திக் கேளு. அது சரின்னா அறு."

"அது முடியாதுன்னா?"

"எந்த ஆடுடி முடியாதுன்னு சொல்லியிருக்கு?"

யோசித்தால் சரிதான். துளுக்காத ஆட்டுக்கு மறுபடி தண்ணீர். அப்போதும் இல்லையென்றால் மறுபடி. நான் பார்த்த வரைக்கும் சாமி சலித்துப் போனதும் இல்லை, ஆடு தப்பித்ததும் இல்லை.

பெண்பார்க்க வந்த அன்று என்னையும் நாலு தடவை கேட்டார்கள். நாலாவது தடவை தலையை ஆட்டினேன்.

ஆனி 30, ஞாயிறு

மாத்திரை நினைவில்லை.

செம்பில் தண்ணீர் எடுத்துப் போய் ஆட்டின் தலையில் ஊற்றினேன். "ஆத்தா, சரின்னு சொல்லிரு" என்றேன். அது தண்ணீரை நக்கிக்கொண்டு நின்றது. முதுகில் ஊற்றினேன். நின்றது. கறிக்கு வந்த கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு நேரமாகிறது என்று சத்தம் போட்டது. "யக்கா, வீட்டுல மசாலா அரைச்சு வச்சிட்டு வந்திருக்கேன், ஆட்டுக்கிட்ட நான் வேணா பேசவா?" என்று ஒரு பெண். காசிமாயன் என்னைத் தோளால் தள்ளிவிட்டு வேலையை முடித்தான்.

பெத்தணசாமி அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எதிர்க்கடையில் நின்றார். போகும்போது, "வீட்டப் பாரு தாயி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்பாகச் சொன்னார்.

ஆனி 31, திங்கள்

மாத்திரையைத் துப்பினார். என் முகத்தில்.

குளிப்பாட்டினேன். நாற்காலியில் உட்கார வைத்துச் செம்பால் மொண்டு ஊற்றும்போது கை நழுவி, காதுக்குள் தண்ணீர் போய்விட்டது. உடனே தலையை ஒரு உதறு உதறினார் பாருங்கள்! கழுத்து, தோள் எல்லாம் சேர்ந்து உதறியது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் செம்பைப் பார்த்தேன்.

ஆடி 1, புதன்

மாத்திரை ஒன்று. குளிப்பாட்டினேன். வலது காதைவிட இடது காது சட்டென்று வேலை செய்கிறது.

ஆடி 3, வெள்ளி

மாத்திரை இரண்டும் உள்ளே. குளிப்பாட்டினேன். வெயில் காலம், தினமும் குளித்தால் நல்லது. மெல்லிசாக ஊற்றினால் போதும், நிறைய வேண்டியதில்லை.

ஆடி 5, ஞாயிறு

மாத்திரை கொடுத்தேன்.

இன்று அறுத்தேன்.

முழுசாக எழுதுகிறேன். செம்மறிக் கிடாய், நல்ல எடை. செல்லக்கிளி பிடித்துக்கொண்டாள். காசிமாயன் கையைக் கட்டிக்கொண்டு, "ஊத்துங்க மதினி, ஊத்துங்க, நாங்க சாயங்காலமாக் கறி வாங்கிக்கிறோம்" என்றான். நான் தலையில் ஊற்றவில்லை. கொஞ்சமாகக் காதில் விட்டேன். அவன் வாய் மூடும் முன்னால் கிடாய் உடம்பெல்லாம் சிலிர்த்து உதறியது. மேலெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"துளுக்கிருச்சு!" என்றாள் செல்லக்கிளி.

சூரியைப் பிடித்தேன். காது அரித்தது. கண்ணை மூடினால் அவர் முகம்தான் வந்தது. அதனால் திறந்தே வைத்துக்கொண்டேன். அது சரி என்று சொல்லிவிட்டது, சொல்லிவிட்டது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு இழுத்தேன். முதல் இழுப்பு பத்தவில்லை. அது கத்தியது. இரண்டாவது இழுப்பில் முடிந்தது. கால் உதைப்பது நிற்கும்வரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தபோது காது அரிக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. காசிமாயன் கட்டிய கையை அவிழ்த்திருந்தான். "என்ன கொழுந்தனாரே, சாயங்காலமாக் கறி வாங்கிக்கிறேன்னீங்க? வாங்க, தோல உரிங்க. உரிக்கிறதுக்கு ஆள் வேணும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கத்தியைக் காட்டினேன். கழுவாமல் கொண்டுவந்தேன். முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தானே தெரியும்? கண் நன்றாகத் தெரிகிறது என்று புரிந்துகொண்டேன்.

ஆடி 8, புதன்

நர்ஸம்மா வந்தாள். பிரஷர் பரவாயில்லையாம். இடது காதில் சீழ் என்றாள். "தண்ணி ஏதும் போச்சா?"

"குளிப்பாட்டுறப்ப ஆட்டுறாரு தாயி, ஒரு எடத்துல நிக்கிறாரா? சின்னப்புள்ள தோத்துப்போகும்" என்றேன். பஞ்சு வைத்து ஊற்றச் சொல்லி, சொட்டு மருந்து கொடுத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு தொண்டையில் சத்தம் போட்டார். "என்ன தாத்தா, வலிக்குதா?" என்றாள். தாத்தா என்றதும் எனக்குச் சிரிப்பு. ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை மனுசனுக்கு. மீசைக்கு மை தடவியவர்.

டைரியைப் பார்த்து, "ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க" என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்தால் லட்சணமாகத்தான் இருக்கிறாள்.

ஆடி 12, ஞாயிறு

மாத்திரை இரண்டும். கஞ்சி முக்கால் டம்ளர்.

மூன்று ஆடு. நல்ல வியாபாரம். மூன்றாவது ஆட்டுக்குத் தண்ணீர் எடுக்க மறந்துவிட்டேன். அறுத்து முடித்துத் தோல் உரிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

செல்லக்கிளி பார்த்திருப்பாள். கொஞ்சநேரம் கழித்து, "வெத்தல இருக்கா ஒச்சு?" என்றாள். அவளிடம்தான் எப்போதும் வெற்றிலை இருக்கும்.

ஆடி 15, புதன்

மாத்திரை இரண்டும்.

காதுக்கு என்ன ஆச்சு என்று இன்றும் ஒருத்தர் கேட்டார். எலி கடித்துவிட்டது என்றேன். வீட்டுக்கு வந்து, இதுவரை நான் சொன்ன கதையை எல்லாம் அவருக்குச் சொன்னேன். ஆடு தின்றது, எலி கடித்தது, கம்மல் மாட்டி இழுத்தது, ரேஷன் கடைக் கூட்டத்தில் தவறிப்போய் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். "எது நல்லாருக்குங்க? நீங்களே சொல்லுங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். உண்மைக் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை. பாத்திரக்காரனிடம் விலை பேசும்போது நான் சிரித்தேன், அவ்வளவுதான் அதில் வருகிற சிரிப்பு.

பேசித் தாகமாகிவிட்டது. செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். செம்பைக் கண்டதும் தலையை உதறினார். நான் அவர் பக்கமே போகவில்லை, நின்ற இடத்தில் நின்று குடித்தேன். ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போய்விட்டுத் திரும்பச் செம்போடு வந்தேன். திரும்ப உதறினார்.

வெறும் செம்புதான். தண்ணீர்கூட இல்லை.

ஆடி 19, ஞாயிறு

ஆடி அமாவாசை. கறி எடுப்பாரில்லை. கடை திறக்கவில்லை. மாத்திரை இரண்டும்.

காசிமாயன் வந்தான். தன் அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் காதோடு பேசினான். நல்ல காதைப் பார்த்துப் பேசினான். நான் காபி கொண்டுவந்தேன்.

"மதினி, நீங்க அறுக்கலாம், நான் வேண்டாங்கல. ஆனா அண்ணன் உசுரோட இருக்கான். கடை அவன் கடை. கத்திய யாருக்குக் குடுக்கணும்னு அவன் சொல்லட்டும். சங்கத்துல சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம கோயில் முடிஞ்சு நேரா இங்க வந்து கேக்குறாக."

"அவருக்குத்தான் பேச வராதே."

"தலையாட்டத் தெரியும்ல?" என்றான். அவர் என்னைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார். வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

"காபியக் குடிங்க கொழுந்தனாரே, ஆறிரப் போகுது" என்றேன்.

ஆடி 20, திங்கள்

மாத்திரை இரண்டும். குளிப்பாட்டினேன். இரண்டு தடவை.

ஆடி 22, புதன்

மாத்திரை இரண்டும். குளிப்பாட்டினேன். பஞ்சு வைக்க மறந்துவிட்டேன்.

ஆடி 24, வெள்ளி

மாத்திரை, கஞ்சி எல்லாம் விடியும்முன் முடித்தேன். சவரம் செய்து, புது வேட்டி கட்டி, திருநீறு பூசி, முன்னறையில் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

கருப்பு கோயிலில் உறுமி காதைக் கிழித்தது. ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டார்கள். எங்கள் கடை வந்ததும் காசிமாயன் முண்டாசோடு முன்னால் வந்தான். நானும் போனேன். பூசாரி, பெத்தணசாமி அண்ணனைப் பார்த்தார். "தங்கச்சி மொதல்ல அறுக்கட்டும். முடியலன்னா காசி பாக்கட்டும்" என்றார் அண்ணன். முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். பாவம், நான் அறுத்த இரண்டு ஞாயிறும் அவர் ஊரில் இல்லை.

பூசாரி தண்ணீர் தெளித்தார். ஆடு சும்மா நின்றது. நான் குனிந்து அதன் காதைத் தடவிக் கொடுத்தேன். என் முந்தானை நனைந்திருந்தது. ஆடு துளுக்கியது. குலவை போட்டார்கள். ஒரே இழுப்பு.

ஒரு இளவட்டம், "யத்தே, கை நடுங்கவே இல்லயே!" என்றான். "நடுங்குனதையெல்லாம் வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்டா" என்றேன்.

அப்படியே கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்து ஆட்கள், செல்லக்கிளி, குலவை போட்ட பெண்கள் எல்லாரும். முன்னறை நிறைந்து வாசல்வரை நின்றார்கள். நான் உள்ளே போய்விட்டேன். பெத்தணசாமி அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தவசி, நான் பேசுறது கேக்குதா? ஒம் பெண்டாட்டி கருப்பு முன்னால அறுத்துட்டா. நல்லாவே அறுத்துட்டா. ஒங் கடைக்கத்திய அவகிட்டயே குடுத்துர ஒனக்குச் சம்மதமா?"

காசிமாயன் தன் அண்ணனுக்கு எதிரே நின்று கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தான். அவர் வாயைத் திறந்து ஏதோ ஆரம்பித்தார். இடது கையைத் தூக்கித் தம்பியைக் காட்டப் போனார்.

வெயிலில் நடந்து வந்தவர்கள், தாகமாக இருப்பார்களே என்று நான் செம்பில் தண்ணீரோடு வந்தேன்.

உதறினார். தலை, கழுத்து, தோள், தூக்கிய கை எல்லாம் சேர்ந்து உதறியது. திருநீறு உதிர்ந்தது. வாயோரம் எச்சில் தெறித்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "துளுக்கிட்டாருப்பா!"

முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அண்ணே, அது முடியாதுங்குற ஆட்டம்ணே! இல்லங்கிறான்ணே!" என்று காசிமாயன் கத்தினான்.

"ஏன்டா, நம்ம தொழில்ல துளுக்குனா இல்லன்னு எப்பருந்துடா அர்த்தம்?" என்றார் அண்ணன். "இதே ஆட்டத்தப் பாத்து இவன் எத்தன ஆட்ட அறுத்திருப்பான்? அதுல எத்தன ஆட்டக் கேட்டுட்டு விட்டான்?"

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். செம்பு அருகே வர வர அவர் இன்னும் உதறினார். கண்ணில் தண்ணீர் ஓடியது. பெண்கள் சிரித்துக்கொண்டே குலவை போட்டார்கள். குலவைச் சத்தத்தில் அவர் தொண்டைச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. அவர் வாயிலிருந்து இத்தனை வருசத்தில் அந்த மாதிரிச் சத்தம் வந்து நான் கேட்டதில்லை. என் வாயிலிருந்து வந்திருக்கிறது.

"போதும் தவசி, போதும், புரிஞ்சிருச்சு" என்று அண்ணன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து எழுந்தார். "கடை ஒச்சம்மாவுக்கு."

செல்லக்கிளி மட்டும் சிரிக்கவில்லை. குலவையும் போடவில்லை. செம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "குடிடி" என்று அவளிடம் நீட்டினேன். "எனக்குத் தாகமில்ல" என்று வெளியே போய்விட்டாள்.

மற்ற எல்லாரும் குடித்தார்கள். குடிக்கக் கொடுக்கத்தான் நான் அதை எடுத்து வந்தேன். ஒரு சொட்டுகூட அவர் மேல் படவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

ஆடி 26, ஞாயிறு

நான்கு ஆடு. உரிக்கக் காசிமாயன் வந்தான். கூலி பேசிவிட்டேன். குனிந்த தலை நிமிரவில்லை. "முத்தம் ஏதும் குடுக்கணுமா கொழுந்தனாரே?" என்று கேட்டேன், வரிசை சிரித்தது. செல்லக்கிளி தன் கூடையை மூன்று கடை தள்ளி வைத்துக்கொண்டாள். அங்கே நிழல் அதிகமாம்.

போர்டு எழுதுகிறவன் வந்து சிவப்பில் எழுதினான். பெயர் பெரிதாக இருக்கிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது. ஒரு சின்னப் பெண் காதைக் காட்டிக் கேட்டது. என்ன கதை சொல்லலாம் என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. "கத்தி பட்டுருச்சு" என்றேன். அது சிரிக்காமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சூரியைக் கழுவித் துடைத்து, கட்டிலுக்கு மேலே அதே ஆணியில் மாட்டினேன். இன்று குளிப்பாட்டவில்லை. செம்பை மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில், பார்வைக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

நர்ஸம்மாவுக்கு: காதில் சீழ், இரண்டிலும். தவசி இப்போது எதையும் துப்புவதில்லை. மாத்திரை இரண்டும், கஞ்சி முழு டம்ளர். கேட்பதற்கு முன்னாலேயே வாயைத் திறக்கிறான்.